நூலாலை போனது, பீராலை வந்தது!

ஒரு பேட்டை முன்னேறிவிட்டதா என்று கண்டுபிடிக்க இந்த நகரத்துப் பெரிய மனிதர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதில்லை. கக்கூஸ் வாசலில் விடியற்காலையில் எத்தனை பேர் வாளியோடு நிற்கிறார்கள் என்று எண்ணுவதில்லை. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பீர்க்கடை ஒன்று வரவேண்டும். பக்கத்தில் விறகு அடுப்பு வைத்துப் பீட்சா சுடுகிற ஓட்டல் ஒன்று வரவேண்டும். வந்துவிட்டால் பேட்டை உயர்ந்துவிட்டதாம்! பத்திரிகையில் படம் போடுகிறார்கள். வீட்டு விலை ஏறுகிறது. ஏறிய விலையைப் பார்த்து, அதுவரை அங்கே குடியிருந்தவன் பெட்டியைக் கட்டுகிறான்.

இந்த அளவுகோலை நம்மவர் சிலரும் கையில் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். "தாராவி நாளைக்கு லோயர் பரேல் மாதிரி ஆகும், நம் பிள்ளைகளுக்கு ஏ.சி. ஓட்டலில் வேலை கிடைக்கும், சங்கத்துக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்" என்று டீக்கடைகளில் பேச்சு நடக்கிறது. நல்லது தோழர்களே! லோயர் பரேல் என்ன மாதிரி ஆனது என்பதைத்தான் பார்த்துவிடுவோமே. தாராவியிலிருந்து அது ஒன்றும் கடல் கடந்த சீமை அல்ல. மாட்டுங்கா ரோடில் வண்டி ஏறினால் தாதர் தாண்டி இரண்டாவது நிறுத்தம்.

லால்பாக், பரேல், லோயர் பரேல், வொர்லி, இந்த வட்டாரம் முழுவதற்கும் கிரண்காவ் என்று பெயர். ஆலைகளின் ஊர் என்று பொருள். ஆலைகளில் நம்மவர் அதிகம் இல்லை. கொங்கணத்திலிருந்தும் மேற்கு மலைப்பக்கத்திலிருந்தும் வந்த மராட்டியத் தோழர்களும், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர்களும்தான் தறிகளுக்கு முன்னால் நின்றார்கள். நம்மவர் பரேலிலும் மாட்டுங்காவிலும் ரயில்வே பட்டறைகளில் நின்றோம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோம். தாராவியில் தோல் பதனிட்டோம். மாநகராட்சியின் குப்பை வண்டியை இழுத்தோம். ஆலைச் சங்கு ஊதினால் அவர்களுக்கு ஷிப்டு, நமக்கு நேரம் தெரியும். அவ்வளவுதான் உறவு என்று அன்று நினைத்தவர்களும் உண்டு. 1966-க்குப் பிறகு "மதராசி வெளியேறு" என்ற கூச்சல் எழுந்து, உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடி உடைந்த காலத்தில், மராட்டியத் தொழிலாளியையும் தமிழ்த் தொழிலாளியையும் பிரித்து வைத்ததில் யாருக்கு லாபம் என்று நாம் அன்றும் கேட்டோம். விடை பின்னால் வந்தது.

1982 ஜனவரி 18-ம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. தங்களுக்குப் பிடிக்காத சங்கத்தை 1946-ம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தைக் காட்டித் தங்கள் தலையில் கட்டாதே என்பது இன்னொன்று. அந்த வேலைநிறுத்தம் முடிந்தது என்று இன்றுவரை எவரும் முறையாக அறிவிக்கவில்லை. ஆள்தான் முடிந்தான். சாமந்த் 1997 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலைகள் ஒவ்வொன்றாக நொடித்துப் போயின. "போயின" என்று எழுதுகிறோம். பலவற்றை நொடிக்க வைத்தார்கள் என்பதுதான் சரி. நூல் நூற்பதைவிட அந்த நூலாலை நிற்கிற மண்ணை விற்பதில் பணம் அதிகம் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டால், எந்த முதலாளிதான் புதுத் தறி வாங்குவான்?

அந்த மண் கொஞ்சநஞ்சம் அல்ல. நகரத்தின் நடு வயிற்றில் சுமார் 600 ஏக்கர். 1991-ல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58-ம் விதி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆலை நிலத்தை விற்றால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, மைதானத்துக்கும் பூங்காவுக்கும், மூன்றில் ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, எளியவர் வீடுகளுக்கு, மீதி முதலாளிக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2001-ல் ஒரு திருத்தம் வந்தது. பங்கு போட வேண்டியது முழு நிலத்தை அல்ல, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும்தான் என்று சொன்னது அந்தத் திருத்தம்.

இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பத்து ஏக்கர் ஆலை என்று வையுங்கள். எட்டு ஏக்கரில் கொட்டகையும் கிடங்கும் புகைபோக்கியும். இரண்டு ஏக்கர்தான் காலி. பழைய விதிப்படி ஏழைகளின் வீட்டுக்கு மூன்று ஏக்கர் அளவுக்குக் கிடைத்திருக்கும். திருத்தத்துக்குப் பிறகு அரை ஏக்கர் சொச்சம். ஓர் வாக்கியத்தை மாற்றினார்கள், இரண்டரை ஏக்கர் இடம் மாறியது! வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, திருத்தம் செல்லும் என்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அரசாங்கத்துக்குச் சொந்தமான மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் 702 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிருந்தது. குடிமக்கள் சொத்து, குடிமக்கள் பெயரில் விற்கப்பட்டது. வாங்கினவர்கள் குடிமக்கள் அல்ல.

இனிமேல்தான் பீர் வருகிறது.

முதலில் வந்தது பந்து உருட்டும் விளையாட்டு. பீனிக்ஸ் ஆலையின் உள்ளே 1990-களின் இறுதியில் அது திறந்தபோது, தொழிலாளரின் பொழுதுபோக்குக்கு என்ற பெயரில் இதற்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று ஆலைத் தொழிலாளர் பக்கத்தில் நின்றவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். நாள் முழுதும் தறிக்கு முன் நின்று கால் வீங்கியவன் மாலையில் வந்து இருநூறு ரூபாய் கொடுத்துப் பந்து உருட்டுவானாம்! அப்புறம் கடைத்தெரு, அப்புறம் அலுவலகக் கோபுரங்கள், அப்புறம் அந்த அலுவலகங்களில் வேலை செய்கிற படித்த பிள்ளைகளின் சம்பளத்தைப் பிடுங்க ஓட்டல்கள். மகாராஷ்டிரத்தில் முதல் சிறு பீராலை 2009-ல் புனாவில் தொடங்கியது. மும்பையில் 2013-ல், லோயர் பரேல் மதுராதாஸ் ஆலை வளாகத்தில், முதலாவது பீராலை ஓட்டல் திறந்தது. அதன் பின் அந்த வளாகத்திலும் எதிரேயும் பக்கத்திலும் இருந்த ஆலை வளாகங்களில் பீரும் பீட்சாவும் மொட்டைமாடி விருந்தும் காளான் போல முளைத்தன. பழைய இரும்புத் தூணையும் செங்கல் சுவரையும் இடிக்காமல் வைத்து, மேலே மஞ்சள் விளக்குப் போட்டு, "ஆலைச் சூழல்" என்று விளம்பரம் செய்தார்கள். தொழிலாளி இல்லாத ஆலைச் சூழல்! அவன் வேர்வை மட்டும் அலங்காரத்துக்கு.

இந்த ஓட்டல்களின் உள்விவகாரத்தை நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். பாத்திரம் துலக்குகிறவர்களும் காய் நறுக்குகிறவர்களும் அங்கே நம்மவர், நேபாளத்தவர், பீகார்க்காரர்கள். கடைக்குச் சொந்தக்காரன் என்று வெளியே தெரிகிறவன் பெரும்பாலும் வாடகைக்காரன். வருகிற பணத்தில் பெரும்பங்கு நிலக்காரனுக்கு வாடகையாகப் போகிறது. அப்புறம் லைசன்ஸ் செலவு. லைசன்ஸ் கொடுக்கிறவர்களுக்கான செலவு. மிச்சத்தில் லாபம் பார்க்க வேண்டுமானால் மேஜைகள் அதிகம் போட வேண்டும். உள்ளே இடம் இல்லையா, மொட்டைமாடியில் போடு. மழை வருகிறதா, பிளாஸ்டிக் கூரை போடு. வழி அடைகிறதா, அடையட்டும். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிய சாதனை. ஒன்று மூடும், அதே இடத்தில் வேறு பெயரில் இன்னொன்று திறக்கும். கடை மாறும், சமையற்காரன் மாறுவான், வாடகை வாங்குகிறவன் மட்டும் மாறமாட்டான்.

இத்தனை ஆயிரம் பேர் தினமும் வந்து போகிற இடத்துக்கு வழி என்ன? நம்மில் ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். எல்பின்ஸ்டன் ரோடு, பரேல், லோயர் பரேல், கரி ரோடு ஸ்டேஷன்கள் ஆலைத் தொழிலாளியைக் கணக்கில் வைத்துக் கட்டியவை. அவனில் பெரும்பாலோர் பக்கத்துச் சாலில் குடியிருந்து நடந்தே வேலைக்குப் போனான். அவனை விரட்டிவிட்டு, கல்யாணிலிருந்தும் விராரிலிருந்தும் வண்டியில் வந்து இறங்குகிற லட்சக்கணக்கானோரை அதே குறுகலான படிக்கட்டில் இறக்கினார்கள். கோபுரம் கட்ட அனுமதி கொடுத்த கை பாலம் கட்டக் காசு கொடுக்கவில்லை. 2017 செப்டம்பர் 29-ம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில் எல்பின்ஸ்டன் ரோடு பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் செத்தார்கள். அதன்பின் ராணுவத்தைக் கூப்பிட்டு, நாலே மாதத்தில் புதுப் பாலம் எழுந்தது. ஸ்டேஷனின் பெயரையும் பிரபாதேவி என்று மாற்றினார்கள். நாலு மாதத்தில் முடிகிற வேலைக்கு 23 பிணம் விழ வேண்டியிருந்தது.

சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ம் தேதி பிறந்த சற்று நேரத்தில், கமலா மில் வளாகத்தின் மாடி ஓட்டல்கள் இரண்டில் தீப்பிடித்தது. 'மோஜோஸ் பிஸ்ட்ரோ', 'ஒன் அபவ்' என்று பெயர்கள். ஹூக்காவுக்கு ஊதிய கரித்தணலிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியது என்று தீயணைப்புத் துறையின் விசாரணை சொன்னது. மேலே கூரை, சுற்றிலும் அலங்காரத் துணி, வெளியேறும் வழியில் தடை. 14 பேர் செத்தார்கள். அதில் 11 பேர் பெண்கள். பலர் தப்பிக்க வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கி மூச்சு முட்டிச் செத்தவர்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த இளம்பெண் ஒருத்தியும் அதில் உண்டு.

"பணக்காரக் குடிகாரர்கள் செத்தால் நமக்கென்ன" என்று அன்று நம் பக்கத்தில் சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டோம். செத்தவர்கள் நம் பகைவர்கள் அல்ல. மாதச் சம்பளத்துக்கு உழைத்து, வெள்ளிக்கிழமை நெருங்கியதும் இரண்டு மணி நேரம் சிரிக்க வந்த பிள்ளைகள். அவர்களை எரித்த பேராசையும், எல்பின்ஸ்டன் பாலத்தில் நெரித்த பேராசையும், தறிக்காரனைத் தெருவில் நிறுத்திய பேராசையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மறுநாள் பார்க்க வேண்டுமே மாநகராட்சியின் வீரத்தை! ஒரே நாளில் முன்னூறுக்கு மேற்பட்ட இடங்களில் போய்ச் சட்டவிரோதமாகக் கட்டியதை இடித்தார்கள். ஒரே நாளில் முன்னூறு இடத்துக்கு முகவரியோடு போகத் தெரிந்தவர்களுக்கு, முந்தின நாள்வரை அந்த முகவரிகள் தெரியாதா? பிறகு நீதிபதி சாவந்த் தலைமையில் குழு அமைந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்று சலுகையில் பெற்ற கட்டடப் பரப்பை ஓட்டலுக்கும் கடைக்கும் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அது எடுத்துக்காட்டியது. ஆகப் பாருங்கள்: தொழிலாளியின் வீட்டுக்கு என்றிருந்த மண்ணை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், அலுவலகத்துக்கு என்று வாங்கியதைச் சாப்பாட்டு மேஜைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒருவனுக்குக் காசு. 2020 மார்ச்சில் கொரோனா முழு அடைப்பு வந்ததும், வாடகை கொடுக்க முடியாமல் மூடிய ஓட்டல்கள் பல. அங்கே வேலை பார்த்த பையன்கள் குர்லா டெர்மினஸ் வாசலில் ரயிலுக்குக் காத்துக் கிடந்ததையும், ரயில் இல்லை என்றதும் நடக்கத் தொடங்கியதையும் நாம் பார்த்தோம்.

இந்த இடத்தில் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இங்கே கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு உரை எழுத வரவில்லை. குடியால் அழிந்த வீடுகள் நம் கோலிகளில் எத்தனை என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும், நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் பார்த்தால் 1983-ல் அரசே தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடையும் நடத்துகிறது. இங்கே பார்த்தால் 1949-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. ஆம், இருக்கிறது! சட்டப்படி இந்த மாநிலத்தில் குடிக்கிறவன் கையில் அனுமதிச் சீட்டு வேண்டும். பீராலை ஓட்டலில் மேஜைக்கு மேஜை போய் எந்தப் போலீஸ்காரன் சீட்டுக் கேட்டான்? ஆனால் சனிக்கிழமை இரவில் 90 அடி ரோட்டில் தள்ளாடி வருகிற மூட்டைத் தொழிலாளியின் சட்டைப் பையில் கைவிட அதே சட்டம் போதும்.

மதுவிலக்குக் காலத்தில் பம்பாய் முழுதும் குடித்தது. காய்ச்சினது ஆன்டாப் ஹில்லிலும் தாராவிச் சேற்றிலும். வரதராஜ முதலியார் பெயரைச் சொல்லி, 'நாயகன்' படத்தையும் சேர்த்துச் சொல்லி, தமிழன் என்றாலே சாராயக்காரன் என்று முத்திரை குத்தினார்கள். குடித்த மலபார் ஹில்லுக்கு முத்திரை இல்லை. 2004-ல் விக்ரோலியில் விஷச்சாராயத்துக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் 106 பேர். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கூலி வேலை செய்கிறவன் மலிவாகக் குடித்த கோப்பை அது. அந்த வழக்கில் 2024-ல் நாலு பேருக்குத் தண்டனை, பத்துப் பேர் விடுதலை. மால்வணியில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற எந்த நட்சத்திரம் வந்தது? கமலா மில்லில் 14 உயிர், மால்வணியில் 106 உயிர். இரண்டு இடத்திலும் லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டவன் ஒரே வகை மனிதன். பத்திரிகையில் கிடைத்த பத்திகள் மட்டும் ஒரே அளவு அல்ல.

இன்னொரு விசித்திரம். பீர் என்றால் என்ன? பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்க வைப்பது. பீட்சா என்றால் என்ன? மைதாவைப் பிசைந்து புளிக்க வைத்துச் சுடுவது. நம் தாராவித் தாய்மார்கள் நடு இரவில் எழுந்து செய்கிற இட்லி? அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்து அவிப்பது. மூன்றிலும் வேலை செய்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதற்குச் சாதி வித்தியாசம் தெரியாது. மாநகராட்சிக்குத் தெரியும்! விடியற்காலை நாலு மணிக்கு அலுமினிய அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிற நம் இட்லிக்காரன் நகரத்தின் பாதிப் பேருக்குக் காலைப் பசியாற்றுகிறான். அலுவலகப் பையன் முதல் ஆட்டோக்காரன் வரை, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற நோயாளியின் மனைவி வரை, நின்றபடி நாலு இட்லி தின்றுவிட்டுப் போகிறார்கள். அவனுக்கு எந்த விதியிலும் இடம் இல்லை. வண்டி வந்தால் அண்டாவோடு பறிமுதல். தெரு வியாபாரிகளைக் காக்க 2014-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் நகலை அண்டாவுக்குள் வைத்துக்கொண்டு போனாலும் பறிமுதல்தான். மொட்டைமாடியில் தீயோடு விளையாடுகிறவனுக்கு அனுமதி, தெருவோரத்தில் ஆவியில் அவித்தவனுக்கு அபராதம்.

பேட்டை ஓட்டல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் லோயர் பரேலுக்குப் போக வேண்டாம். மாட்டுங்காவில் இருக்கிறது. 1940-ல் தொடங்கிய கபே மெட்ராஸ், ஸ்டேஷனுக்கு எதிரே 1942-ல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி. தெற்கேயிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து, அறை எடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களுக்கும் டைப்பிஸ்டுகளுக்கும் வாழை இலையில் சோறு போட்டு வளர்ந்தவை. முதலாளி நல்லவனா, சமையற்கட்டில் கூலி நியாயமா என்று கேட்டால் அதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம். நம் அக்ரகாரத்து அண்ணாச்சிகள் அதைப் படிக்க விரும்பமாட்டார்கள். ஆனால் ஒன்று. பக்கத்தில் குடியிருந்தவன் நடந்து வந்து சாப்பிட்டான், அதனால் ஓட்டல் நின்றது. குடியிருந்தவனைக் காலி செய்துவிட்டு ஓட்டல் திறந்தால், அது கூட்டம் இருக்கிற வரை திருவிழாக் கடை. பந்தலைப் பிரித்தால் அடுப்புச் சாம்பல்தான் மிச்சம்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். தாராவிக்கு 2004 முதல் திட்டம் மேல் திட்டம். 2018-ல் விட்ட ஏலத்தை 2020-ல் ரத்து செய்தார்கள். 2022 நவம்பரில் மறுபடி விட்ட ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் சொன்ன அதானி குழுமம் எடுத்தது. 2023-ல் அரசு உறுதி செய்தது. நிறுவனத்தில் குழுமத்துக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20 பங்கு. மாட்டுங்காப் பக்கம் நம் ரயில்வே நிலம் நாற்பது ஏக்கருக்கு மேல் இதற்குப் போகிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபித்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவருக்கும், எப்போது வந்திருந்தாலும் மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. அதுவும் இலவசமாக அல்ல, பணம் கட்டியோ வாடகைக்கோ. அதற்காக முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்களையும் தேவனார் குப்பைமேட்டையும் கேட்டிருக்கிறார்கள். மனிதனைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் குடிவைக்க யோசனை சொன்னவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ!

58-ம் விதியின் திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே "காலி நிலம்" என்ற இரண்டு வார்த்தை. இங்கே "தரைத்தளம்" என்ற ஒரு வார்த்தை. தாராவியில் கீழே பட்டறை, மேலே குடும்பம். கீழே தாய் தகப்பன், ஏணி ஏறினால் கல்யாணமான மகன். திருநெல்வேலியிலிருந்து நம் பாட்டன்மார் தோல் வேலைக்கு வந்து இந்தச் சதுப்பைத் தேங்காய் மட்டையும் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆதி திராவிடர்கள் 1913-ல் கட்டிய கணேசர் கோயில் இன்னும் நிற்கிறது. அந்தப் பாட்டனின் பேரன் ஏணிக்கு மேலே படுத்தான் என்ற குற்றத்துக்காக அவன் தாராவிக்காரன் இல்லையாம்.

"எப்படியும் வீடு கிடைக்குமே, தூரமாக இருந்தால் என்ன?" என்று கேட்கிற தோழருக்கு ஆலைத் தொழிலாளியின் கதையின் கடைசி அத்தியாயத்தைச் சொல்கிறோம். வீடு கேட்டு மனுப்போட்ட ஆலைத் தொழிலாளர், அவர்களின் வாரிசுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். குலுக்கலில் இத்தனை வருஷத்தில் கிடைத்தவை பதினைந்தாயிரம் சொச்சம் வீடுகள். மீதிப் பேரை ஷேலுவுக்கும் வாங்கணிக்கும் போகச் சொல்கிறார்கள். கர்ஜத் வண்டியில் போய்ப் பாருங்கள்: பத்லாப்பூர் தாண்டி வாங்கணி, அதையும் தாண்டி ஷேலு, அடுத்தது நேரல். மலை ரயில் ஏறுகிற ஊருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்! 2025 ஜூலையில் எண்பது வயதுக் கிழவர்கள் ஆசாத் மைதானத்தில் மழையில் உட்கார்ந்து, "மும்பையில் வீடு கொடு" என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் நூல் நூற்ற இடத்தில் பீர்க் கோப்பை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரலுக்கு முந்தின ஸ்டேஷன். நம் இட்லிக்காரனை வாங்கணியில் குடிவைத்தால் அவன் எத்தனை மணிக்கு மாவு அவித்து எந்த வண்டி பிடித்து மாகிமில் விற்பான்? முதல் வண்டியில் அண்டாவுக்கு இடம் யார் கொடுப்பார்?

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கும், பாத்திரம் துலக்கும் வேலை. இன்று சொந்த அடுப்பு வைத்து, தான் அரைத்து, தான் விற்று, தன் பெண்டாட்டி பிள்ளையோடு நிமிர்ந்து நிற்கிறவனை நாளை இன்னொருவன் அடுப்புக்கு முன்னால் தொப்பி போட்டு நிறுத்துவதற்குப் பெயர் முன்னேற்றம் என்றால், அந்த முன்னேற்றத்தைக் கொண்டுவருகிறவர்களின் பிள்ளைகளே முதலில் அனுபவிக்கட்டும். கட்டடம் வேண்டாம், சாக்கடைதான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கான்கிரீட் வீடு வேண்டும், வீட்டுக்குள் கக்கூஸ் வேண்டும், இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர் வேண்டும். அதைத் தாராவியில் கொடு. மேல்மாடிக் குடும்பத்தையும் குடும்பமாக எண்ணு. இட்லி அவிக்கிற வீட்டைப் பட்டறையாகப் பதிவு செய். தோல் பை தைக்கிறவனுக்குக் கொடுக்கிற கடை இடத்தை அவளுக்கும் கொடு. விற்கப்போகிற பகுதியில் எத்தனை ஏக்கர், எதற்கு, யாருக்கு என்பதை மராட்டியிலும் தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் அச்சடித்துச் சுவரில் ஒட்டு. பின்னால் ஒரு திருத்தம் வந்து ஒரு வார்த்தையை மாற்றினால் கண்டுபிடிக்க எங்களிடம் நகல் இருக்க வேண்டும்.

கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர்களோடும், கோலிவாடாவின் மீனவர்களோடும், முஸ்லிம் நகரின் தையல் தோழர்களோடும் சேர்ந்துதான் இதைக் கேட்கிறோம். தமிழர் பேட்டை தனி, அவர்கள் பேட்டை தனி என்று பேசுகிற தலைவர்கள் யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், லோயர் பரேலில் மராட்டியத் தோழனை நாமும் நம்மை அவனும் தனியாக விட்ட நாட்களை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும், பெயர் இருந்து "தகுதியில்லை" என்று குறிக்கப்பட்டவர்களும், மேல்மாடிக் குடித்தனக்காரர்களும் கையில் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்: 1976 கணக்கெடுப்புக்குப் பின் கொடுத்த போட்டோ பாஸ், பழைய ரேஷன் கார்டு, மின்சார ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வாடகை கொடுத்த சீட்டு துண்டாக இருந்தாலும் சரி. இட்லி, முறுக்கு, அப்பளம் செய்கிற தாய்மார்கள் அரிசி உளுந்து வாங்கிய கடைக் கணக்கையும் கொண்டு வரட்டும். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் மட்டும். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க அலுவலகத்தில் நம் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மனு மராட்டியில் எழுதித் தரப்படும். அலுவலகத்தில் கொடுக்கும்போது முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால் மறுத்தவரின் மேஜை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே வந்து சொல்லுங்கள்.